ஒற்றைச் சப்பாத்து முறை

வெண்முகில் லினன் சர்வீசஸ் என்ற நிறுவனம் ஆறு மருத்துவமனைகளின் அழுக்குத் துணியை வெளுத்துக் கொடுக்கிறது. கிள்ளானில், மேருவுக்குப் போகும் சாலையில் அதன் தொழிற்சாலை. நாளொன்றுக்குப் பதினோராயிரம் படுக்கை விரிப்புகள் அங்கே லோரியில் வந்து, கொதித்து, காய்ந்து, மடிந்து திரும்பிப் போகும். வந்த இடத்துக்கேதான் திரும்பிப் போகின்றனவா என்பதுதான் நெடுநாளாக இருந்த தொல்லை. விரிப்பின் மூலையில் குத்தும் முத்திரை மை, நாலு வெளுப்பில் மங்கிவிடும். பிரசவ வார்டு விரிப்பு கண் மருத்துவமனைக்குப் போகும். அங்கிருந்து புகார் கடிதம் வரும்.

புகார்கள் நாற்பதைத் தாண்டியதும் நிர்வாகம் விழித்துக்கொண்டது. பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தலைமை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் படைப்பாற்றல் பிரிவு என்று ஒன்றைத் திறந்தது. அங்கிருந்த நாற்காலிகளை அகற்றிவிட்டு, உட்கார்ந்தால் இன்னொருவர் கைகொடுக்காமல் எழுந்திருக்க முடியாத பெரிய மெத்தைப் பைகளைப் போட்டார்கள். ஒரு சுவருக்கு மட்டும் மஞ்சள் அடித்தார்கள். பிரிவுக்கு ஜெயராஜ் என்பவர் தலைவராக வந்தார். தலைமைப் படைப்பாற்றல் அதிகாரி என்பது அவருடைய பதவியின் பெயர். அதற்கு முன் அவர் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் தலைமை உற்சாக அதிகாரியாக இருந்தார். அந்த நிறுவனம் இப்போது இல்லை.

ஜெயராஜின் முதல் உத்தரவுப்படி, எல்லாரும் மாதம் ஒரு புதிய யோசனையைக் கணினியில் ப-7 என்ற பாரத்தின் கட்டங்களில் நிரப்பி அனுப்ப வேண்டும். யோசனை எதுவும் வராவிட்டால், ஏன் வரவில்லை என்பதை ப-7 ஆ பாரத்தில் விளக்க வேண்டும். இரண்டாவது பாரம் முதலாவதைவிட நீளமானது. அதனால் எல்லாருக்கும் யோசனை வந்தது.

கன்னையா தரம் பிரிக்கும் பகுதிக்கும் மடிப்புப் பிரிவுக்கும் சூப்பர்வைசர். இருபத்து மூன்று வருட சர்வீஸ். ஐந்து மாதமாக ஒரே யோசனையைத்தான் அவர் அனுப்பிவந்தார்: உலர்த்தி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு காற்றாடி வேண்டும். ஐந்து தடவையும் அவருடைய படைப்பாற்றலைப் பாராட்டிப் பதில் வந்தது. காற்றாடி வரவில்லை. ஆறாவது மாதம், இனி அதே யோசனையை அனுப்பக்கூடாது என்று கடிதம் வந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணி.

அந்த வெள்ளிக்கிழமை பசியாறும் நேரத்தில் கன்னையா கேன்டீனுக்கு வெளியே நின்று, காலிலிருந்து ஒரு சப்பாத்தைக் கழற்றி, அதற்குள் புகுந்துவிட்ட கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். மடிப்புப் பிரிவில் வேலை செய்யும் அமுதவள்ளி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்பது வருடமாக அங்கே கோன்ட்ரேக்டில் இருப்பவள். பாரத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை என கன்னையா அவளிடம் புலம்பினார்.

"மையெல்லாம் எதுக்குண்ணே," என்றாள் அமுதவள்ளி. "ஓரத்துல கலர் நூல்ல ரெண்டு இஞ்சு தையல் போட்டுவிட்டா போதாதா? பெரிய ஆஸ்பத்திரிக்கு செவப்பு, கண்ணாஸ்பத்திரிக்கு பச்ச. மடிக்கையில எப்படியும் கை மூலைக்குத்தானே போகுது."

கன்னையா ஒரு கணம் அவளைப் பார்த்தார். இருபத்து மூன்று வருடமாக யாருக்கும் தோன்றாத ஒன்று, தேத்தண்ணி ஆறுவதற்குள் அவளுக்குத் தோன்றிவிட்டது. இதை அவளே பாரத்தில் எழுத வேண்டும் என்று சொன்னார். தனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, நீங்களே எழுதிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

நான்கரை மணிக்கு அவர் அவள் பெயரைத்தான் முதலில் போட்டார். கணினி ஊழியர் எண் கேட்டது. கோன்ட்ரேக்டில் இருப்பவர்களின் எண்ணில் முதலாவதாக ஓர் எழுத்து இருக்கும். அந்தக் கட்டம் எழுத்தை ஏற்கவில்லை. மூன்று தடவை முயன்றார். மூன்று தடவையும் 'நீங்கள் இல்லை' என்று சிவப்பில் வந்தது. நாலு ஐம்பத்தெட்டுக்குத் தன் எண்ணைப் போட்டார். பாரத்தின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதில் அவள் பெயரை எழுதியிருக்கலாம். எழுத நேரமில்லை என்று அவர் பிற்பாடு பலமுறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு நிமிடம் இருந்தது.

மூன்று வாரத்தில் விரிப்புகளில் கலர் நூல் ஏறியது. அடுத்த மாதம் புகார் ஒன்றுகூட வரவில்லை. கன்னையாவைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அவரை ஒரு மெத்தைப் பையில் உட்கார வைத்தார்கள். ஜெயராஜ் எதிரே இன்னொன்றில் புதைந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் கன்னையா போயிருந்தார். நூல் விஷயத்தைப் பற்றிப் பேச வாயெடுத்தார். ஜெயராஜ் கையைக் காட்டித் தடுத்தார்.

"யோசனைய விடுங்க மிஸ்டர் கன்னையா. யோசனை யாருக்கு வேணாலும் வரும். உங்க பெர்சனல் மெதட் என்ன? சிலர் குளிக்கும்போது யோசிப்பாங்க, சிலர் நடப்பாங்க, சிலர் டைரி எழுதுவாங்க. நான் இருபது வருஷமா எல்லா மெதடும் செஞ்சு பாத்துட்டேன். எனக்கு இதுவரைக்கும் ஒரு யோசனைகூட வந்ததில்ல. அதனாலதான் மெதட் எவ்வளவு முக்கியம்னு எனக்குத் தெரியும்."

நடந்ததை முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தால் அமுதவள்ளியிடம் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கன்னையா நினைத்தார். "அன்னிக்கு நான் ஒரு சப்பாத்தக் கழட்டிட்டு நின்னுக்கிட்டிருந்தேன் சார்," என்று தொடங்கினார்.

ஜெயராஜ் மெத்தைப் பையிலிருந்து எழ முயன்று, முடியாமல், உட்கார்ந்தபடியே கேட்டார்: "எந்தக் கால்?"

"இடது."

ஜெயராஜ் எழுதிக்கொண்டார். எவ்வளவு நேரம் என்று கேட்டார். கல்லை எடுக்க ஒரு நிமிடம்தான் ஆகியிருக்கும். ஆனால் அவர் கேட்ட விதத்தில் ஒரு நிமிடம் என்று சொல்ல கன்னையாவுக்குக் கூச்சமாக இருந்தது. இருபது நிமிடம் என்றார். அதன்பின் அமுதவள்ளியைப் பற்றிச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து திரும்பி வரும் வழியெல்லாம் அந்த நிம்மதிதான் அவரைக் குத்தியது.

அவருக்குப் படைப்பாற்றல் முன்னோடி என்று பட்டம் கொடுத்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் அவர் பெயர் எழுதிய பலகையோடு ஓர் இடம் ஒதுக்கினார்கள். அவரிடம் கார் இல்லை. ஒரு காருக்கான இடத்தின் நடுவில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே உள்ளே போவார்.

அடுத்த திங்கள் சுற்றறிக்கை வந்தது. ஒற்றைச் சப்பாத்து முறை அமலுக்கு வருகிறது. காலை பத்து மணிக்குச் சங்கு ஊதியதும் இயந்திரங்கள் நிற்கும். எல்லாரும் இடது சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருபது நிமிடம் அசையாமல் நின்று புதிதாக யோசிக்க வேண்டும். இடது காலா வலது காலா என்பதை உறுதிப்படுத்த வெளியிலிருந்து ஓர் ஆலோசகரை வைத்து நாற்பத்தெட்டுப் பக்க அறிக்கை வாங்கினார்கள். இடது கால்தான் சரி, வலது காலையும் புறக்கணிக்கலாகாது என்று அறிக்கை முடிந்தது.

பாதுகாப்புப் பிரிவு எதிர்த்தது. தொழிற்சாலைக்குள் இரண்டு சப்பாத்தும் எப்போதும் இருந்தாக வேண்டும் என்பது அவர்களுடைய விதி. இரண்டு பிரிவும் நான்கு கூட்டம் போட்டு உடன்பாட்டுக்கு வந்தன. கழற்றிய சப்பாத்தை ஊழியர் கையில் பிடித்திருக்க வேண்டும். அப்படிச் செய்தால் இரண்டு சப்பாத்தும் ஊழியரின் உடம்பிலேயே இருப்பதாக ஆகும். எங்கே நிற்பது என்று குழப்பம் வராமல், தரையில் மஞ்சள் சாயத்தில் பாதங்கள் வரைந்தார்கள். இடது பக்கம் விரல்களோடு வெறும் பாதம், வலது பக்கம் சப்பாத்து. அமுதவள்ளிக்கு ஒதுக்கிய பாதங்கள் வெளுப்பு இயந்திரத்தின் தண்ணீர் ஓடும் கால்வாய்க்குப் பக்கத்தில் இருந்தன.

நேப்பாளத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இதை ஏதோ உள்ளூர் வழிபாடு என்று நினைத்து மரியாதையாக நின்றார்கள். கன்னையா எல்லாருக்கும் முன்னால் ஒரு சின்ன மேடைமேல் சப்பாத்தைக் கையில் ஏந்தி நின்றார். அமுதவள்ளி இருந்த பக்கம் அவர் திரும்பவே மாட்டார். காலையில் வரும்போது மட்டும் அவளுக்கு ஒரு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிவந்து கொடுப்பார். முதல் நாள், எதுக்குண்ணே என்று கேட்டாள். சும்மாதான் என்றார். மறுநாளிலிருந்து அவள் கேட்கவில்லை. கேட்காதது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. பொட்டலத்தில் முட்டையும் சேர்த்து வாங்கத் தொடங்கினார்.

பிறகு மதிப்பெண் வந்தது. நின்ற பிறகும் யோசனை கொடுக்காதவர்களுக்குப் பூஜ்யம். கோன்ட்ரேக்டில் இருப்பவர்கள் நிற்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆனால் அவர்களுடைய எண்ணைக் கணினி ஏற்காததால் அவர்கள் யோசனை கொடுக்க வழியில்லை. ஆகவே அவர்கள் எல்லாருக்கும் பூஜ்யம். புத்தாக்கக் குறைபாடு என்ற கடிதம் அவர்கள் பெயருக்கு வந்தது. மூன்று பூஜ்யம் வாங்கினால் கோன்ட்ரேக்ட் நீட்டிக்கப்படாது. கடிதத்தின் கீழே பகுதி சூப்பர்வைசர் கையெழுத்துப் போட வேண்டும்.

அமுதவள்ளியின் கடிதத்தை கன்னையா இரண்டு நாள் மேசைக்குள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதக் கடிதத்தை ஒருநாள்தான் வைத்திருந்தார்.

மூன்றாம் மாதம், ஒரு புதன்கிழமை, பத்தேகாலுக்கு, நிறுத்திய இயந்திரத்திலிருந்து வடிந்த நீரில் கால்வாய் நிரம்பித் தண்ணீர் தரைக்கு ஏறியது. அமுதவள்ளி தன் மஞ்சள் பாதங்களை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் அதற்கும் ஒரு பாரம் இருந்தது. வெறுங்கால் வழுக்கியது. ஒரு கையில் சப்பாத்து இருந்ததால் மற்றக் கையைத்தான் ஊன்ற முடிந்தது. மணிக்கட்டு முறிந்தது. அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவளைப் படுக்கவைத்த விரிப்பின் ஓரத்தில் சிவப்பு நூல் தைத்திருந்ததைக் கூடப் போன கன்னையா பார்த்தார்.

ஆறு வாரம் எம்.சி. விடுப்பு கொடுத்தார்கள். விபத்து அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் 'முறையில் முழு ஈடுபாடு இல்லாமை' என்று இருந்தது. அந்த மாதம் அவளுக்கு மூன்றாவது பூஜ்யம். கோன்ட்ரேக்ட் நீட்டிக்கப்படவில்லை.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு இரவு கன்னையா சாப்பிடவில்லை. மனைவி மலர் என்ன என்று கேட்டாள். முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கணினி எழுத்தை ஏற்காததை மட்டும் இரண்டு தடவை சொன்னார். மலர் தட்டில் போட்ட சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் கொட்டினாள்.

"பாரத்துல எடம் இல்ல, சரி. உங்க வாயிலயும் எடம் இல்லியா?" என்றாள்.

கன்னையா காலித் தட்டை எடுத்துக் கழுவி வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நிறுவனத்தின் படைப்பாற்றல் திருநாள் நடந்தது. இயக்குநர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். அவர்களும் இடது சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஜெயராஜ் மூன்று மொழிகளிலும் மாறிமாறிப் பேசினார். மூன்றிலும் ஒரே அளவுக்குத்தான் புரிந்தது. முறை வந்த பிறகு யோசனைகள் எழுநூறு சதவிகிதம் உயர்ந்திருப்பதாகவும், அவற்றில் ஒன்றையும் செயல்படுத்தாததால் செலவே ஆகவில்லை என்றும் அறிவித்தார். பிறகு முன்னோடியைப் பேச அழைத்தார்.

கன்னையா தயாரித்து வைத்திருந்த பேச்சை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இரண்டு சப்பாத்தும் போட்டபடி மேடையேறினார்.

"அந்த நூல் யோசனை என்னோடது இல்ல," என்றார். "மடிப்புப் பிரிவுல இருந்த அமுதவள்ளி சொன்னது. நான் என் நம்பரப் போட்டு அனுப்பிட்டேன். சப்பாத்துக்குள்ள கல்லு இருந்துச்சு, அதான் கழட்டினேன். அதுக்கும் யோசனைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அந்தப் பொண்ணு கையொடிஞ்சு வீட்ல இருக்கு. அதுக்கு நான்தான் காரணம்."

யாரோ ஒருவர் கையிலிருந்து சப்பாத்து கீழே விழும் சத்தம் கேட்டது. வேலை போய்விடும் என்று கன்னையாவுக்குத் தெரியும். பல மாதங்களுக்குப் பிறகு அப்போதுதான் நெஞ்சு லேசானது. ஒரு நிமிடம்தான்.

ஜெயராஜ் மைக்கை வாங்கினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா?" என்றார். "இருபத்து மூணு வருஷம் வாயே தொறக்காத மனுஷன். இன்னிக்கு டைரக்டர்ஸ் முன்னால நின்னு இப்படிப் பேசறாரு. இந்தத் துணிச்சல் எங்கேருந்து வந்துச்சு? தப்பு செஞ்சோம்கிற உணர்வுலேருந்து. இதுதான் லா அடுத்த மெதட்."

இயக்குநர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கையில் சப்பாத்து இருந்தவர்கள் அதை வைத்துத் தட்டினார்கள்.

விழா முடிந்ததும் கன்னையா மேடைக்குப் பின்னால் ஜெயராஜைப் பிடித்தார். பாரத்தில் இருக்கும் தன் பெயரை எடுத்துவிட்டு அமுதவள்ளி பெயரைப் போடவேண்டும், அவளைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடவேண்டும் என்று கேட்டார். ஜெயராஜ் அவர் தோளில் கைவைத்தார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது. ஆனா அந்தம்மாவுக்கு ஸ்டாஃப் நம்பர் இல்ல. நம்பர் இல்லாதவங்களுக்கும் யோசனை வரும்னு நாமளே ரெக்கார்டு பண்ணிட்டா, அப்புறம் யாருக்கு வேணாலும் வரும்னு ஆயிடும். அப்ப இந்த டிப்பார்ட்மெண்ட் எதுக்கு?"

மறுவாரம் மஞ்சள் பாதங்களை அழித்தார்கள். குற்ற உணர்வுப் பதிவேடு வந்தது. வாரம் ஒரு குற்ற உணர்வை எல்லாரும் கணினியில் பதிய வேண்டும். முதல் வாரம் ஆட்கள் உண்மையானதையே எழுதினார்கள். கேன்டீனில் இரண்டு தடவை கறி வாங்கியது, மாமியார் போனை எடுக்காதது. மூன்றாம் வாரம் கையிருப்பு தீர்ந்துவிட்டது. லோரி ஓட்டுநர் ஒருவர் செய்யாத ஒரு தவற்றை எழுதிவிட்டு, பொய் எழுதியதை அடுத்த வாரக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அவருக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது.

கன்னையா அமுதவள்ளி விஷயத்தை எழுதினார். வேறு எதுவும் அவர் மனதில் இல்லை. முதல் வாரம் எட்டு மதிப்பெண் கொடுத்தார்கள். இரண்டாம் வாரம் ஆறு. மூன்றாம் வாரம் மூன்று. ஒரே குற்ற உணர்வைத் திரும்பத் திரும்பப் பதிவது புத்தாக்கத்துக்கு உகந்ததல்ல என்று அடியில் குறிப்பு வந்தது.

அன்றைக்கே கன்னையா அரைநாள் லீவு போட்டார். விபத்து எப்படி நடந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் சொல்லி அவள் அங்கே நின்றாள் என்பதையெல்லாம் ஒரு சாட்சிக் கடிதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டார். அது இருந்தால் தொழிலாளர் அலுவலகத்தில் அவள் பேச முடியும் என்று விசாரித்திருந்தார். அவள் வீட்டில் இல்லை. கிள்ளான் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டோபி கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாக அவளுடைய அண்டை வீட்டார் சொன்னார்கள்.

அமுதவள்ளி கடைக்குள் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். கைக்கட்டைப் பிரித்திருந்தார்கள். அந்தக் கை இன்னும் முழுசாக வளையவில்லை. முழங்கையால் அழுத்தி மடித்தாள். அவரைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள். கன்னையா உட்காரவில்லை. கடிதத்தைக் கொடுத்தார். அவள் அதை முழுக்கப் படித்தாள். நன்றி என்று சொல்லி மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமலிருக்க இஸ்திரிப் பெட்டியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

அவர் மன்னிப்புக் கேட்டார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் வரவில்லை. குறிப்புக் கட்டம் காலியாக இருந்ததையும், இரண்டு நிமிடம் மிச்சமிருந்ததையும் மட்டும் சொன்னார்.

"யோசனைய எடுத்துக்கிட்டீங்க. அது எனக்கு நூல் தச்ச அன்னிக்கே தெரியும்," என்றாள் அமுதவள்ளி. "நான்தானே எழுதிடுங்கன்னு சொன்னேன். போகட்டும். அந்தச் சப்பாத்து எதுக்குண்ணே சொன்னீங்க?"

உள்ளேயிருந்து கடையின் சீன முதலாளி எட்டிப் பார்த்து, வாடிக்கையாளரா என்று மலாய் மொழியில் கேட்டார். தெரிந்தவர்தான் என்று அவள் சொன்னதும் உள்ளே போய்விட்டார்.

"இவரு நல்ல மனுஷன்," என்றாள். "இந்த ரேக்க இந்தப் பக்கம் மாத்திப் போட்டா கை எட்டும்னு சொன்னேன். சரின்னு அவரே தூக்கிப் போட்டுட்டாரு. எந்த மெதட்டும் கேக்கல." ஒரு சட்டையை உதறினாள். "அங்க இருந்தப்பவே எனக்கு இன்னும் ரெண்டு யோசனை வந்துச்சுண்ணே. அந்த மெஷின் தண்ணி ஏறாம இருக்க ஒண்ணு. இன்னொண்ணு வேற. யார்கிட்டயும் சொல்லல."

கன்னையா எதுவும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவருடைய வலது கை தானாக உயர்ந்து சட்டைப் பையிலிருந்த பேனாவைத் தொட்டிருந்தது.

அமுதவள்ளி அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கூடையிலிருந்து அடுத்த துணியை எடுத்தாள்.